லயம் லயமாய்ப் போன பாட்டு

ஒருவர் பேசினார், ஒருவர் பாடினார். தோட்டத்துக் கேட் மூடியிருந்த காலத்தில் மலையகத்தைச் சுற்றி வந்த நடேசய்யர் – மீனாட்சியம்மாள் தம்பதியின் கதை

கண்டியில் பன்வில பஸ் ஏறினால் வத்தேகம வரை ஊர்களாக வரும். வத்தேகம தாண்டியதும் ரோடு வளையத் தொடங்கும். பன்வில கடைவீதியில் ஒரு கூட்டம் இறங்கும். மிச்சப் பேர் மடுல்கலை, ஹுலுகங்கை, கெலபொக்க என்று இன்னும் மேலே போகிறவர்கள். நக்கிள்ஸ் மலைத்தொடர் பனிக்குள் ஒளிவதும் வெளிவருவதுமாக இருக்கும். கீழே கொழுந்து மலை. அதன் ஓரத்தில் தகரக் கூரையோடு நீளமாகப் படுத்திருக்கும் லயங்கள்.

இந்த லயம் என்ற சொல்லை ஒரு நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரிசை வீடு என்ற பொருளில் ‘லைன்’ என்று வெள்ளைக்காரர் சொன்னதை நம் சனம் லயம் ஆக்கிக்கொண்டது. தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. தாளத்தோடு பாட்டு இழைவதற்கு லயம் என்று பெயர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்த இடத்துக்கு, இசையின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது தற்செயல்தான். ஆனால் மலையகத்தின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அது பொருத்தமான பெயராகவே படும்.

வண்டியையே வீடாக்கி, அதற்குள்ளேயே படுத்து, சமைத்து, ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கும் கணவன் மனைவிகளைப் பற்றி இப்போது உலகம் வியந்து பேசுகிறது. விட்டு விடுதலையாகிப் போகும் வாழ்க்கை என்று இளையவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் மலைகளைச் சுற்றி வந்த ஒரு தம்பதி ஞாபகம் வருகிறது. 1920களிலும் 1930களிலும் தோட்டத் தொழிலாளர் கூடும் இடங்களுக்கு அவர்கள் சேர்ந்து போனார்கள். அம்மாள் பாடுவார், சனம் கூடும். ஐயர் பேசுவார், சனம் யோசிக்கும். பாட்டைச் சம்பாதிக்கும் வழியாக அவர்கள் பார்க்கவில்லை. தம் கூலி எவ்வளவு, தம் உரிமை எது என்றே தெரியாமல் வைக்கப்பட்டிருந்த மக்களுக்குச் செய்தி கொண்டுபோக அவர்களுக்குக் கிடைத்த வாகனம் அது.

ரதியும் மதனும் வந்த வழி

பாடிக்கொண்டு வரும் ஜோடி மலையகத்துக்குப் புதிதல்ல. மாசி மாதம் பிறந்ததும் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போய், நெற்றிக்கண்ணில் எரிந்துபோன மன்மதனின் கதை காமன் கூத்து. ரதி வேடமும் மதன் வேடமும் கட்டியவர்கள், தப்பு முன்னே முழங்க, லயம் லயமாகப் போய் ஆடுவார்கள். வாசலில் கோலம் இருக்கும், தட்டில் காசு விழும். ரதி வேடத்தில் இருப்பதும் ஆண்தான். ஆனாலும் அவள் தாலியறுத்து அழும்போது, நாள் முழுவதும் கூடை சுமந்துவிட்டு வந்த பெண்கள் சேர்ந்து அழுவார்கள். மதன் எரிவான், பிறகு எழுந்து வருவான். தோட்டத்தின் இரவு அந்தக் கதையை நம்பியிருந்தது.

கூத்துக்கு அப்பாலும் பாட்டு இருந்தது. மலையில் கொழுந்தெடுக்கும்போது தெம்மாங்கு, தொட்டிலடியில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, திருவிழாவில் கும்மி. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்தது கொஞ்சம், நெஞ்சில் கொண்டுவந்தது அதிகம். கோப்பிக் காலத்திலேயே, 1869-இல், ஆபிரகாம் ஜோசப் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை எழுதினார். கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சொல்லவும் கும்மி மெட்டைத்தான் அவர் தேடிப்போனார். தோட்டத்தில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் அது பாட்டாக வர வேண்டும் என்பதை அப்போதே உணர்ந்திருக்கிறார்கள்.

பாட்டுக்கு இருந்த இந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையும் அவரைச் சுற்றிய சிலரும்தான். செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, துண்டு என்ற கடன் சீட்டில் என்ன கடன் ஏறியிருக்கிறது என்று தொழிலாளி வாசித்தறிய முடியாது. அவருக்கு ஞாபகம்தான் புத்தகம். ஞாபகத்தில் நிற்பதற்கு மெட்டு வேண்டும்.

கொழும்பு மேடையில் சேர்ந்த குரல்கள்

மெட்டு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு ஜோடியின் கதை இருக்கிறது. 1926-இல் கொழும்பு நாடக மேடையில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடித்தார்கள். சுந்தராம்பாளுக்கு அப்போது பதினெட்டு வயதுக்குள், கிட்டப்பாவுக்கு இருபது. இருவருமே சின்ன வயதிலிருந்து நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகத் திரிந்து வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலம். கொட்டகையின் கடைசி ஆள் வரை குரல் போய்ச் சேர வேண்டும். இருவர் குரலும் போயின, ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு போயின. கடல் தாண்டி வந்த இடத்தில் தொடங்கிய பழக்கம் அடுத்த ஆண்டு கல்யாணத்தில் முடிந்தது.

அவர்கள் சேர்ந்து பாடிய காலம் கொஞ்சம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இருபத்தேழு வயதில் இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். பின்னாளில் சினிமாவிலும் சட்ட மேலவையிலும் அவர் பெற்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். இங்கே நமக்கு வேண்டியது வேறொன்று. அந்த நாடகப் பாட்டுகள் இசைத்தட்டில் ஏறின. கடைத்தெருவில் கிராமபோன் பாடியது, வழியில் போன தொழிலாளி நின்று கேட்டார். மெட்டு அவரோடு மலைக்கு ஏறியது. யாரோ ஒருவர் அந்த மெட்டில் தோட்டத்துக் கதையை இட்டுக்கட்டினார். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லை வாசித்தால் போதும், மெட்டு ஊருக்கே தெரியும்.

சில பக்கமே உள்ள அந்தப் புத்தகங்களைத் தெருவில் பாடிக்காட்டி விற்றவர்கள் மலையகத்தில் இருந்தார்கள். சம்பள நாளிலும் திருவிழாக் கூட்டத்திலும் அவர்களைச் சுற்றி வட்டம் போட்டு நின்றார்கள் சனங்கள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, கங்காணி கொடுமை என்று எல்லாம் அவற்றில் பாட்டாயிற்று. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் வந்து இறங்கியது இப்படிக் காது பழகிய நிலத்தில்.

புடவை வியாபாரியாக நுழைந்தவர்

தஞ்சாவூர்க்காரர் கோதண்டராம நடேசய்யர். ‘வர்த்தக மித்திரன்’ என்ற இதழை நடத்தியவர். அந்த வேலையாகத்தான் 1915-இல் முதன்முதலாக இலங்கை வந்தார். தோட்டங்களில் நம்மவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். வெளியார் நுழைய முடியாத இடம் அது. புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்பது அவரைப் பற்றி மலையகம் இன்றும் சொல்லிவரும் கதை. உள்ளே பார்த்தது அவரைத் தஞ்சாவூரில் இருக்கவிடவில்லை. 1920-இல் திரும்பி வந்தார், இங்கேயே இருந்துவிட்டார்.

வந்தவர் கையில் எடுத்த முதல் ஆயுதம் பத்திரிகை. 1921-இல் ‘தேசநேசன்’, 1924-இல் ‘தேசபக்தன்’. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து வேலை செய்தார். அந்த உறவு 1920களின் இறுதியில் முறிந்ததும் கொழும்பைவிட்டு மலைக்கு முகம் திருப்பினார். அதற்கு முன்பே, 1925 முதல், சட்டசபையில் இருந்தார். 1931-இல் அட்டனில் இருந்துகொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936-இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. மலையகத்தில் தொழிற்சங்கம் என்ற சொல்லுக்கு முதல் முகவரி அவர்தான்.

இந்த வரிகளை எழுதும்போது, அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டிய பெயரை மலையகம் நெடுங்காலம் சிறிய எழுத்தில் எழுதிவிட்டது என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. மீனாட்சியம்மாள் ஐயரின் மனைவி என்பதற்கு மேலே பலவாக இருந்தவர். ‘தேசபக்த’னில் ஆசிரியப் பொறுப்பில் பங்கெடுத்தார். பெண்களின் கல்வி பற்றியும் உரிமை பற்றியும் அதில் எழுதினார். மேடையேறிப் பாடினார். தாமே பாட்டுக் கட்டினார். கணவர் தூக்கிய சுமையில் பாதியை அவர் தூக்கவில்லை. தமக்கென்று இன்னொரு சுமையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்.

கேட்டில் நின்ற பேச்சு, கேட் தாண்டிய பாட்டு

அந்த நாளில் தோட்டத்துக்குள் கூட்டம் போடுவது எவ்வளவு கடினம் என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து ரோடு தோட்டத்துக்குச் சொந்தம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கோயில் நிற்கும் மண்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. பேச வந்தவரோடு பேசியது தெரிந்தால், பேசிய தொழிலாளிக்கு வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். 1854-இல் தோட்டத்துரைமார் தங்கள் சங்கத்தைக் கண்டியில்தான் தொடங்கினார்கள். துரைமார் அதன் மூலம் ஒரே குரலில் பேசினார்கள். தொழிலாளிக்கு அப்படி ஒரு குரல் வருவதற்கு அதன்பின் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஆகவே கூட்டங்கள் தோட்டத்துக்கு வெளியே நடந்தன. சின்ன நகரங்களில், சந்தைப் பக்கம், ரயில் நிலையத்துக்குக் கிட்டிய திடல்களில். மலைநாட்டில் ஊர் சுற்றுவது என்றால் ரயில் போகும் மட்டும் ரயில், அதற்கு மேல் கிடைத்த வண்டி, வண்டியும் போகாத இடத்துக்குக் கால். ஞாயிற்றுக்கிழமையோ சம்பள நாளோ பார்த்துத் தொழிலாளர்கள் இறங்கி வருவார்கள். வந்தவர்கள் மேடைக்குக் கிட்டப் போகத் தயங்குவார்கள், கங்காணியின் ஆள் யாராவது பார்த்துக்கொண்டிருப்பான். அந்தத் தயக்கத்தை உடைக்கப் பேச்சுக்கு வலுவில்லை.

பாட்டுக்கு வலு இருந்தது. மீனாட்சியம்மாள் பாரதியின் பாட்டை எடுப்பார். 1928-இல் சென்னை மாகாணத்தில் பாரதியின் பாட்டுப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது. கடலுக்கு இந்தப் பக்கம் மலைச்சரிவில் ஒரு பெண்குரல் அதே பாரதியைக் கூலித் தொழிலாளர்களுக்குப் பாடிக்காட்டியது. பாட்டுக் கேட்டதாகச் சொன்னால் யார் மீதும் குற்றம் சாட்ட முடியாது. பாட்டுக் கேட்க நின்றவர்கள் பேச்சுக்கும் நின்றுவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, தப்புச் சத்தத்துக்கு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நிற்பவர்கள். அவர்களைக் கேட்டு யாரும் எதையும் முடிவுசெய்தது கிடையாது. ஆண்கள் பேசும் மேடைக்கு அவர்கள் வரமாட்டார்கள். மேடையில் ஒரு பெண் நிற்கிறார், தலைநிமிர்ந்து பாடுகிறார் என்றால் வருவார்கள். அம்மாள் அந்த மேடையில் நின்றதே பாதிப் பேச்சு.

கூட்டம் கலைந்ததும் நடந்ததுதான் துரைமார் தடுக்க முடியாதது. பேச்சாளரைத் தோட்ட எல்லையில் நிறுத்தலாம். பத்திரிகையைப் பிடுங்கி எரிக்கலாம். மனதில் ஏறிய மெட்டை எந்தக் கேட்டில் வைத்துச் சோதிப்பது? திங்கட்கிழமை காலையில் அது மலைக்குப் போய்விடும். ஒரு நிரையில் எடுத்தவள் பாட, அடுத்த நிரையில் இருப்பவள் வாங்கிப் பாடுவாள். மாலையில் லயத்துக்கு வரும். ஒரு காம்பராவில் கேட்டது பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், நடுவில் இருப்பது அரைச்சுவர்தான். லயத்தின் அந்த வசதிக் குறைவே பாட்டுக்கு வழியாயிற்று.

பாட்டு எதைச் சொன்னது

பாட்டு வெறும் உணர்ச்சியை மட்டும் ஏற்றவில்லை. சட்டங்கள் இங்கிலீஷில் இருந்தன. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயமாயிற்று. பிள்ளைக்கும் கூலி நிர்ணயித்த சட்டம் என்பதை மறக்காமல் வாசியுங்கள். அந்த 54 சதம்கூட முழுதாகக் கைக்கு வரும் என்ற நிச்சயம் இல்லை. அரைநாள் வேலை என்று அரைப்பேர் போட்டால் பாதி. கங்காணி கணக்கில் பிடித்தால் இன்னும் குறைவு. 1930களின் உலக மந்தத்தில் நிர்ணயித்த கூலியையே வெட்டினார்கள்.

உனக்கு இவ்வளவு வர வேண்டும், வராவிட்டால் கேட்கலாம் என்று யாராவது தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நடேசய்யர் தொழிலாளர் சட்டங்களை விளக்கிச் சிறுநூல்கள் போட்டார். ‘நீ மயங்குவதேன்’ என்று ஒரு நூல், ‘வெற்றியுனதே’ என்று இன்னொன்று. தலைப்பிலேயே முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டுப் பேசுகிறார் பாருங்கள். ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்று நாடகமும் எழுதினார். பேச்சு, கட்டுரை, துண்டுப்பிரசுரம், நாடகம், பாட்டு என்று எந்தக் கதவு திறக்கிறதோ அதன் வழியாகப் போனார்கள் இருவரும்.

மடுல்கலைச் சின்னத்துரை

பன்வில மலைக்கும் இந்தக் காலத்தின் கதையில் பங்கு உண்டு. 1936-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற இளைஞர் மடுல்கலையில் உள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தேயிலைத் தொழில் பழக வந்தார். சின்னத்துரையாகப் பழகிப் பெரியதுரையாக வேண்டியவர். தொழிலாளர் நிலையைக் கண்டு மனம் பொறாமல் அவர்கள் பக்கம் சாய்ந்தார். தோட்டம் அவரை நீக்கியது. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் முன்னால், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய அதே மேடையில், அவரும் பேசினார்.

வெள்ளைக்காரன் ஒருவன் துரைமாருக்கு எதிராகப் பேசியதை ஆட்சி தாங்கவில்லை. நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார். மே 5 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் பெருங்கூட்டத்தின் நடுவே திடீரென்று தோன்றினார். மே 18 அன்று அந்த உத்தரவு செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஆளுநரின் சொல்லையும் சட்டத்தால் மறிக்கலாம் என்று இந்த நாடு கண்ட வழக்கு அது. அதன் வேர் பன்வில மலையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது.

மடுல்கலையில் தொழிலாளர் பட்டது ஒரு வெள்ளைக்கார இளைஞரின் கண்ணுக்கே ஓராண்டில் தெரிந்தது என்றால், அதையே பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் வந்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். சின்னத்துரை பேசியது செய்தியாயிற்று. அந்தச் செய்தி விழுந்து முளைப்பதற்கு மண்ணைக் கொத்திப் பதப்படுத்தியவர்களில் ஐயரும் அம்மாளும் முன்னவர்கள்.

1940: ஒரு பாட்டுப் புத்தகம்

1939-இல் வானம் கறுத்தது. அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தும் முடிவை அரசு எடுத்தது. சமரசம் பேச ஜூலையில் ஜவாஹர்லால் நேரு வந்தார். அந்த வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கூலித்தொழிலுக்கு இலங்கை போவதை இந்தியா தடைசெய்தது. 1940 ஜனவரியில், கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரை நினைவுகூர்கிறோம்.

அந்த 1940-இல்தான் மீனாட்சியம்மாளின் பாட்டுப் புத்தகம் வந்தது. ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று பெயர். அரசாங்க அறிக்கைக்கு வைக்கும் பெயர்போல இருக்கிறது, உள்ளே இருப்பது பாட்டு. காட்டை வெட்டி, ரோடு போட்டு, மலையைப் பச்சையாக்கிய சனத்தை வந்தேறி என்று விரட்டப் பார்ப்பது என்ன நியாயம் என்ற கேள்வி அந்தப் பாட்டுகளின் அடிநாதம். பயப்படாதே, ஒன்றுசேர் என்ற அழைப்பு அதன் முடிவு. பாரதியைப் பாடத் தொடங்கியவர், பாரதி இல்லாத இடத்தில் தாமே பாட்டுக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்திருந்தார். பாரதிக்குத் தோட்டம் தெரியாது, இவருக்குத் தெரியும். தூரத்திலிருந்து இரங்கிய பாட்டுக்கும் கூட இருந்து பார்த்துக் கட்டிய பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொழிலாளி கண்டுகொள்வார்.

பெரிய தொழிற்சங்கங்கள் எழுந்த காலத்தில் ஐயரின் செல்வாக்கு குறைந்தது. 1947 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவர்கள் பாடிப் பாடி நிமிர்த்திய சனத்தை நாடற்றவர் ஆக்கியது.

ஒப்பாரிக் கோச்சி

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இன்னொரு ஒப்பந்தம் பாதிப் பாதியாக வகுத்தது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சாவில் பாடும் பாட்டை உயிரோடு போகிறவர்களுக்குப் பாடி அனுப்பினார்கள். அந்தப் பாட்டோடு கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் இறங்கி, அங்கேயும் தேயிலைச் செடிக்கே நின்றார்கள்.

நகரும் வாழ்க்கை பற்றி இன்று வியப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. வீடு இருப்பவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் அது பயணம். வீடு என்று ஒன்று தரப்படாதவர் கிளம்பினால் அதற்கு வேறு பெயர். மலையகத்தார் இருநூறு ஆண்டுகளாகத் தம் பெயரில் ஒரு துண்டு நிலம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் ஊர் சுற்றியது, அந்த மக்கள் ஒரு நாளாவது இது என் ஊர் என்று சொல்லி உட்காரட்டும் என்பதற்காக.

தப்புச் சத்தம் கேட்டால்

ஐயரும் அம்மாளும் மூட்டிய நெருப்பை அணையவிடாமல் வைத்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார் சி.வி. வேலுப்பிள்ளை. ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலை 1988-இல் எழுதிப் புதைந்த வரலாற்றை எடுத்துக் காட்டினார் சாரல் நாடன். ஐயரைப் பற்றி எழுதியதோடு நில்லாமல், வீதி நாடகத்தைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார் அந்தனி ஜீவா. சனம் இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்வது என்ற அம்மாளின் வழிதான் அதுவும்.

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. மலையகத்துக்கு இருநூறு ஆண்டு. முன்னோர் நடந்து வந்த திசையில், மாத்தளையை நோக்கி, ஆகஸ்ட் 12 வரை நடந்தார்கள். இளையவர்கள் தப்பு அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், வழியில் உள்ள சிங்கள ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் தண்ணீர் கொடுத்தன. வண்டியும் வீடும் இல்லாமல் அந்த ரோட்டில் பாட்டு மறுபடி நடந்தது.

ஆனால் பாட்டு நடப்பதற்கு ஆள் வேண்டும். மீனாட்சியம்மாளின் பாட்டை மெட்டோடு பாடத் தெரிந்த பிள்ளைகள் மலையகப் பள்ளிகளில் வர வேண்டும். தமிழ்த்தினப் போட்டி மேடையில் அவர் பாட்டு ஒலிக்க வேண்டும். பன்விலவிலும் மடுல்கலையிலும் படிக்கும் பிள்ளைக்குத் தன் மலையில் 1936-இல் என்ன நடந்தது என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். இவற்றுக்கு அமைச்சு சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் வீட்டில் வயதான அம்மாயி ஒருவர் இருந்தால் இன்று இரவே அவர் பக்கத்தில் உட்காருங்கள். மலையில் என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். முதலில் ஒன்றும் ஞாபகமில்லை என்பார். மெட்டை முனகச் சொல்லுங்கள், சொல் தானாக வரும். ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த மலை, யாரிடம் கற்றது என்று எழுதிவையுங்கள்.

மாசி பிறந்து லயத்து வாசலில் தப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாமல் வெளியே வாருங்கள். ரதியும் மதனும் வந்திருப்பார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டுங்கள். நாளைக்குப் பாட வேண்டியது அந்தப் பிள்ளை.